நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு ஹார்வர்ட் கிடைக்குமா? பெங்களூருத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், காக்ஸ் டவுன், ஒயிட்ஃபீல்டு பக்கம் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்கு, பிள்ளைகளின் வெளிநாட்டு விண்ணப்பங்களைப் படித்துக் கருத்துச் சொல்லி வருகிறேன். பி.யு. கல்லூரியில் (நம் பிளஸ் டூ நிலை) இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கட்டணம் வாங்குவதில்லை; ஆகவே யாருக்கும் இனிக்க இனிக்கப் பேசவேண்டிய கட்டாயமும் இல்லை. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஹார்வர்டுக்குக் கட்-ஆஃப் எவ்வளவு, சார்?

அப்படி ஒன்று கிடையாது. நம் ஊர்க் கலந்தாய்வைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதுதான் முதலில் பிடிபடுவதில்லை. 200க்கு 198 எடுத்த பிள்ளைக்குக் கிண்டி கிடைக்குமா என்று போன வருடப் பட்டியலைப் பார்த்து அத்தை, மாமா எல்லோருமே சொல்லிவிடுவார்கள். கர்நாடகத்தில் கே.சி.இ.டி. நுழைவுத் தேர்வின் தரவரிசையும் அதே கதைதான். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் மதிப்பெண் உங்கள் கோப்பைத் திறக்க வைக்கும். அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது.

இது என் ஊகம் என்று நினைக்கவேண்டாம். ஹார்வர்ட் மீது தொடரப்பட்ட ஒரு வழக்கு 2018இல் விசாரணைக்கு வந்தபோது அதன் உள் ஆவணங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. 2015இல் சேர்ந்த வகுப்புக்கு அமெரிக்காவுக்குள்ளிருந்து மட்டும் சுமார் 26,000 பேர் விண்ணப்பித்திருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 8,000 பேருக்குப் பள்ளிச் சராசரி முழு மதிப்பெண். எஸ்.ஏ.டி. என்ற அமெரிக்க நுழைவுத் தேர்வின் கணிதப் பகுதியில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் சுமார் 3,400 பேர். ஆங்கிலப் பகுதியில் வாங்கியவர்கள் சுமார் 2,700 பேர். வகுப்பில் இருந்த இடங்களோ 1,600 சொச்சம். வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் ஒதுக்கிவிட்டு, கணிதத்தில் முழு மதிப்பெண் வாங்கிய உள்நாட்டுப் பிள்ளைகளை மட்டும் வரிசையில் நிறுத்தினாலும் பாதிப் பேர் வெளியே நிற்கவேண்டியதுதான்.

அதே ஆவணங்களில் இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் படிப்பு, வெளிச் செயல்பாடு, விளையாட்டு, குணநலன் என்று தனித்தனியாக எண் போடுகிறார்கள். 1 என்றால் மிக உயர்வு. படிப்பில் 1 வாங்குபவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. 2 வாங்குபவர்கள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். நம் வீடுகளில் ‘ஸ்கூல் ஃபர்ஸ்ட்’ என்று கொண்டாடப்படும் பிள்ளை பெரும்பாலும் அந்த நாற்பதில் ஒருவர். அந்த நாற்பதில் பெரும்பாலோருக்கு இடம் கிடைக்கவில்லை.

நூற்றுக்கு நான்கு பேருக்குக்கூட இடமில்லை என்கிறார்கள். என் மகளின் வாய்ப்பும் அவ்வளவுதானா?

2024இல் சேர்ந்த வகுப்புக்கு ஹார்வர்டில் 54,008 பேர் விண்ணப்பித்து 1,937 பேருக்கு இடம் வந்தது. 3.6 சதவீதம். கணக்கு சரிதான். ஆனால் அது மொத்தக் கூட்டத்தின் சராசரி. அந்தக் கூட்டம் ஒரே மாதிரியான மனிதர்களால் ஆனதல்ல.

ஒரு பக்கம், சும்மா போட்டுப் பார்ப்போம் என்று விண்ணப்பித்தவர்கள். அவர்களுடைய வாய்ப்பு சுழியத்தை ஒட்டியது. நன்றாகத் தயாரான பிள்ளைக்கு அவர்கள் போட்டியே அல்ல. ஆகவே அவளுடைய வாய்ப்பு 3.6ஐவிடக் கூடுதல் என்று தோன்றும். இங்கேதான் ஆலோசனை நிறுவனங்கள் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு பேச ஆரம்பிக்கும். மறுபக்கத்தையும் பாருங்கள். விளையாட்டுக்காக அழைத்துக்கொள்ளப்படுபவர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், பேராசிரியர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர் வட்டத்தைச் சேர்ந்தவர்கள்: இவர்கள் விண்ணப்பதாரர்களில் சுமார் 5 சதவீதம், அனுமதி பெற்றவர்களில் சுமார் 30 சதவீதம். இதுவும் அந்த வழக்கில் வெளிவந்ததுதான். பயிற்சியாளர் விரும்பி அழைத்த விளையாட்டு வீரர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இடம் பெற்றார்கள். ஹலசூருவிலோ மாரத்தஹள்ளியிலோ இருக்கும் நம் பிள்ளை இந்தக் குவியலில் இல்லை. அவர்கள் எடுத்தது போக மீதியில்தான் நம் கணக்கு தொடங்குகிறது.

பிறகு நாடு. எம்.ஐ.டி.யில் மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக் குறைவாகத்தான் இடம். வெளிநாட்டவர்க்கோ சுமார் இரண்டு பேருக்கு. (நம்மவர்களுக்கு எம்.ஐ.டி. என்றால் முதலில் நினைவுக்கு வருவது குரோம்பேட்டை. நான் சொல்வது பாஸ்டன் பக்கத்தில் இருப்பது.) அந்த இரண்டு பேரில் தங்கள் நாட்டு ஒலிம்பியாட் அணியில் இருந்தவர்கள் கணிசமாக இருப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனவே ‘சதவீதம் எவ்வளவு’ என்று கேட்பதைவிட, ‘என் பிள்ளை எந்தக் குவியலில் இருக்கிறாள்’ என்று கேளுங்கள்.

ஐ.ஐ.டி. இதைவிடக் கடினம் என்கிறார்களே?

இடத்துக்கான நெருக்கடியில் ஆம். 2024இல் முதல் கட்டத் தேர்வான ஜே.இ.இ. மெயின் எழுதியவர்கள் 14 லட்சத்துக்கு மேல். அதில் தேறி அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு எழுதியவர்கள் சுமார் 1.8 லட்சம், ஐ.ஐ.டி.க்கள் எல்லாவற்றிலும் சேர்த்து இடங்கள் 17,740. மெயின் எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர் சொச்சம்.

ஆனால் கடினம் வேறு, நிச்சயமின்மை வேறு. நான் எழுத வந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். அட்வான்ஸ்டில் 500ஆவது இடம் பிடித்த பையனுக்கு ஐ.ஐ.டி. கிடைக்குமா என்று ஜூன் மாதம் யாரும் சந்தேகப்படுவதில்லை. எந்த ஊர், எந்தப் பிரிவு என்பதுதான் கேள்வி. தேர்வு முடிந்ததும் மூடுபனி விலகிவிடுகிறது. அதே பையன் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தால், செய்யவேண்டியதை எல்லாம் குறையின்றிச் செய்து முடித்த பிறகும் பனி அப்படியே நிற்கும். அவனைப்போலவே இருக்கும் பத்துப் பேரில் யாரோ ஒருவரை எடுப்பார்கள். எடுக்கப்படாத ஒன்பது பேரிடம் குறை இருந்ததாகப் பொருளில்லை. அந்த ஆண்டு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஓபோ என்ற குழல்கருவி வாசிப்பவர் தேவைப்பட்டிருக்கலாம். தத்துவம் படிக்க ஆள் குறைந்திருக்கலாம். அவர்கள் ஒரு வகுப்பைக் கட்டுகிறார்கள். தரவரிசைப் பட்டியல் போடுவதில்லை.

பலவீனமான விண்ணப்பத்தின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாம். வலுவான விண்ணப்பத்தின் முடிவைத்தான் சொல்ல முடியாது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் வீட்டில்தான் முடிவு வரும் மார்ச் மாதம் இவ்வளவு அழுகை கேட்பதற்கு இதுவே காரணம்.

ஆண்டுக்கு ஆண்டு இன்னும் மோசமாகிறதா?

செய்தித்தாள் தலைப்புகள் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. 2020இல் சேர்ந்த வகுப்புக்கு ஹார்வர்டில் 40,248 விண்ணப்பங்கள். அடுத்த ஆண்டு 57,435. கொரோனாவால் எஸ்.ஏ.டி. கட்டாயம் இல்லை என்றதும் அதுவரை தயங்கியவர்களும் விண்ணப்பித்தார்கள். இடங்கள் கூடவில்லை, சதவீதம் சரிந்தது. ஆனால் உங்கள் பிள்ளையோடு உண்மையில் போட்டி போடக்கூடியவர்கள் ஒரே ஆண்டில் நாற்பது சதவீதம் பெருகிவிடவில்லை. எம்.ஐ.டி. 2022இல் தேர்வைத் திரும்பக் கட்டாயமாக்கியது. டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்ட் எல்லாம் 2024இல் அதே முடிவை அறிவித்தன.

பத்து இடங்களுக்கு விண்ணப்பித்தால் ஒன்றாவது விழாதா?

ஒவ்வோர் இடத்திலும் வாய்ப்பு 5 சதவீதம் என்று வைத்து, பத்தும் தனித்தனிச் சீட்டுக் குலுக்கல்கள் என்று கொண்டால், ஒன்றாவது கிடைக்க 40 சதவீத வாய்ப்பு. பி.யு. இரண்டாம் ஆண்டுப் பையனே இதைப் போட்டுக் காட்டிவிடுவான். தவறு எங்கே என்றால், அவை தனித்தனிக் குலுக்கல்கள் அல்ல. பத்து இடத்துக்கும் போவது அதே மதிப்பெண், அதே ஆசிரியர் கடிதம், அதே முதன்மைக் கட்டுரை. ஓர் இடத்தில் மங்கலாகத் தெரிந்தது மற்ற ஒன்பதிலும் மங்கலாகத்தான் தெரியும். அதனால் உண்மையான வாய்ப்பு 40ஐவிடக் குறைவு. ஒரே மாதத்தில் நான்கு இடம் கிடைத்த பிள்ளையும், பத்திலும் நிராகரிக்கப்பட்ட பிள்ளையும் ஒரே அடுக்ககத்தில் இருப்பது இதனால்தான்.

எட்டு ஐவி லீக்குக்கும் சேர்த்துப் போடுவது பட்டியல் ஆகாது. ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட அந்த எட்டும் ஒரு விளையாட்டுக் கூட்டமைப்பாகச் சேர்ந்தவை; படிப்பில் ஒன்றுக்கொன்று அவ்வளவு வேறுபாடு. பட்டியலைக் கீழிருந்து மேலே போடுங்கள். இடம் உறுதி, பணம் கட்ட முடியும், பிள்ளையும் மனமார்ந்து போகும் என்ற இரண்டு இடங்களை முதலில் எழுதுங்கள். அது பெங்களூரிலேயே இருந்தாலும் சரி. பிறகு மேலே போங்கள்.

பண உதவி கேட்டால் வாய்ப்பு குறையுமா?

பெரும்பாலான இடங்களில் குறையும். வெளிநாட்டு மாணவர் பண உதவி கேட்பது முடிவைப் பாதிக்காது என்று அறிவித்திருக்கும் பல்கலைக்கழகங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மத், பிரவுன், ஆம்ஹர்ஸ்ட், போடன் போன்றவை. ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் உள்ளிட்ட மற்றவை வெளிநாட்டவர் விஷயத்தில் பணத் தேவையைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அதை ஒளிக்காமல் சொல்லியும் விடுகின்றன. அங்கே உதவி கேட்பவர்களின் வரிசை தனி. அதற்கு இடம் இன்னும் குறைவு.

இதில் நம்மவர்கள் இரண்டு விதமாக ஏமாறுகிறார்கள். ‘முதலில் இடம் கிடைக்கட்டும், உதவியைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்’ என்று விண்ணப்பத்தில் ‘வேண்டாம்’ என்று குறித்துவிடுகிறார்கள். வெளிநாட்டு மாணவர் சேர்ந்த பின் உதவி கேட்கப் பல இடங்களில் அனுமதியே கிடையாது. ஆண்டுக்கு 80,000 டாலருக்கு மேல், நான்கு ஆண்டு. கூட்டிப் பார்த்துவிட்டுக் குறியுங்கள்.

இன்னொரு விதம் இதற்கு நேர் எதிர். ‘அதெல்லாம் கோடீஸ்வரர்களுக்கு’ என்று ஹார்வர்டை விட்டுவிட்டு, உதவியே தராத ஒரு சாதாரணப் பல்கலைக்கழகத்துக்குக் கடன் வாங்கி அனுப்புகிறார்கள். ஹார்வர்டில் 2025–26 முதல், குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சம் டாலருக்குக் கீழே இருந்தால் தங்குமிடம், சாப்பாடு உட்பட ஏறக்குறைய எல்லாமே இலவசம். 2 லட்சம் டாலர் வரை கல்விக் கட்டணம் இல்லை என்று ஹார்வர்ட் அறிவித்திருக்கிறது. ஒரு லட்சம் டாலர் என்பது 80 லட்சம் ரூபாய்க்கு மேல். பெங்களூரில் நன்றாகச் சம்பாதிக்கும் குடும்பங்களே பல இதற்குள் அடங்கும். உள்ளே போவதுதான் கடினம். போய்விட்டால் பல குடும்பங்களுக்கு அதுவே மலிவான இடம்.

வருமானத்தோடு நிற்காமல் சொத்தையும் கேட்பார்கள். பி.டி.ஏ. சைட், ஓசூரில் வாங்கிப் போட்ட மனை, வாடகைக்கு விட்ட இரண்டாவது ஃபிளாட், வைப்பு நிதி, எல்லாவற்றையும் படிவத்தில் எழுதவேண்டும். எழுதுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் இடமே போகும்.

எஸ்.ஏ.டி.யில் 1530. 1580க்காகத் திரும்ப எழுதலாமா?

வேண்டாம். அந்த இரண்டு மாதத்தில் பிள்ளை தூங்கட்டும்.

வெளிச் செயல்பாடுகள் எத்தனை வேண்டும்?

பொது விண்ணப்பமான காமன் ஆப்பில் பத்துக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் விவரிக்க 150 எழுத்துகள்தான். பத்தையும் நிரப்பவேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் நம் பெற்றோருக்குக் காலிக் கட்டத்தைப் பார்த்தால் கை அரிக்கிறது. பதினொன்றாம் வகுப்புக் கோடை விடுமுறையில் திடீரென்று ஒரு தொண்டு நிறுவனம் முளைக்கிறது. அதற்குப் பிள்ளைதான் நிறுவனர். ஓர் ஆய்வுக் கட்டுரை பணம் கட்டிய இதழில் வெளியாகிறது. இவற்றை நாள் முழுவதும் படிக்கும் அதிகாரிகளுக்குப் பூச்சும் சுவரும் தெரியாதா?

ஒரு விண்ணப்பத்தைச் சொல்கிறேன். அல்சூரில் மெஸ் நடத்தும் குடும்பத்துப் பெண். மாடல் யு.என். என்ற மாதிரி ஐ.நா. சபை, விவாத மன்றம், மரக்கன்று நட்டது என்று எட்டுக் கட்டங்களை நிரப்பிக் கொண்டுவந்தாள். எதிலும் அவள் இல்லை. மாலையில் என்ன செய்வாய் என்று கேட்டேன். மெஸ் கணக்கு எழுதுவேன் என்றாள். அந்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். நீள நோட்டு, மூலைகள் எண்ணெயில் ஊறியிருந்தன. ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ மாவு அரைத்தது, எவ்வளவு மீந்தது, மழையா, கிரிக்கெட் ஆட்டம் உண்டா, பக்கத்து அலுவலகங்களுக்கு விடுமுறையா என்று பத்தி பிரித்து எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை மழை பெய்தால் இரவு தோசை மாவு மூன்றில் ஒரு பங்கு மீந்துவிடுகிறது என்று கண்டுபிடித்து, அரைக்கும் அளவை அவள் சொல்லித்தான் அப்பா மாற்றியிருக்கிறார். “இதை ஏன் எழுதவில்லை?” என்றேன். “இது வீட்டு வேலைதானே, சார்?” என்றாள்.

காமன் ஆப்பில் குடும்பப் பொறுப்பு என்றே ஒரு வகை இருக்கிறது. முதல் கட்டத்தில் அதைப் போடச் சொன்னேன். அதனால் ஹார்வர்ட் கிடைத்ததா என்று கேட்காதீர்கள். அவள் அங்கே விண்ணப்பிக்கவே இல்லை. புள்ளியியல் படிக்க விரும்பும் பெண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான சான்று வேறு என்ன இருக்கிறது?

நிஜமாகவே எடை கூட்டும் தனித் திறமைகள் உண்டு. கணித ஒலிம்பியாட்டில் மாநிலச் சுற்றைத் தாண்டித் தேசியத் தேர்வுக்குப் போவது, பலர் பயன்படுத்தும் மென்பொருளை எழுதுவது, அரங்கேற்றத்தோடு நின்றுவிடாமல் கச்சேரி செய்யும் அளவுக்கு வளர்ந்த இசை. இவை எட்டாம் வகுப்பிலேயே பிள்ளைக்குப் பிடித்துப்போய்த் தொடங்கியிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் விலை கொடுத்து வாங்க முடியாது.

கட்டுரைக்கு நல்ல தலைப்பு சொல்லுங்கள்.

சொல்லமாட்டேன். எதை எழுதவேண்டாம் என்று சொல்கிறேன்: பெல்லந்தூர் ஏரி நுரை. பெங்களூரிலிருந்து போகும் கட்டுரைகளில் அந்த ஏரி அத்தனை முறை நுரைத்துவிட்டது. தாத்தாவின் மரணம், ட்ராஃபிக்கில் சிந்தித்தது, வேலைக்கார அம்மாவின் மகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தது, இவையும் அப்படியே. 650 சொல்லுக்குள் பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று தெரிந்தால் போதும். அப்பா திருத்திய கட்டுரையில் நாற்பத்தைந்து வயது மனிதர் தெரிகிறார்.

முன்கூட்டியே விண்ணப்பித்தால் வாய்ப்பு கூடுமா?

எண்கள் அப்படித்தான் காட்டும். 2024இல் சேர்ந்த வகுப்புக்கு ஹார்வர்டின் நவம்பர்ச் சுற்றில் 7,921 பேரில் 692 பேருக்கு, அதாவது சுமார் 8.7 சதவீதத்தினருக்கு இடம். ஆனால் மேலே சொன்ன விளையாட்டு வீரர்களும் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும் அந்தச் சுற்றில்தான் அதிகம். அவர்களைக் கழித்தால் லாபம் சுருங்கும். கிடைத்தால் கட்டாயம் சேரவேண்டும் என்று கையெழுத்து வாங்கும் இடங்களில் ஓரளவு உண்மையான அனுகூலம் உண்டு. பணத்துக்கு வழி தெரியாமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ்?

நம் பிள்ளைகளின் மனப்போக்குக்கு இவை பொருந்தும் என்பது என் எண்ணம். பாடத்தை முன்வைத்துத் தேர்வு, பாடத்தை முன்வைத்து நேர்காணல். படகு ஓட்டுகிறாயா, பாட்டன் இங்கே படித்தாரா என்று கேட்பதில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் சுமார் 23,000 பேர் 3,300 இடங்களுக்குப் போட்டியிடுகிறார்கள். ஏழு பேருக்கு ஓர் இடம். கணினி அறிவியல் போன்ற பாடங்களில் நெருக்கடி இதைவிட இரண்டு மடங்குக்கு மேல். இரண்டு இடத்துக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்க முடியாது. கடைசி நாள் அக்டோபர் 15. கேம்பிரிட்ஜ் கணிதத்துக்கு இடம் தருவதாகக் கடிதம் வந்த பிறகும் ஸ்டெப் என்ற தேர்வில் சொன்ன தரம் வாங்கவேண்டும்; அங்கே சறுக்குபவர்கள் நிறைய. பி.யு. அல்லது மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்கள் அது தகுதியாக ஏற்கப்படுகிறதா என்பதை முதலில் பாருங்கள். இளநிலைக்கு உதவித்தொகை மிக அரிது.

இந்தியர் என்பதால் ஒதுக்குகிறார்களா?

2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இனத்தைக் கணக்கில் கொண்டு அனுமதிப்பதைத் தடை செய்தது. நமக்கு அதனால் பெரிய மாற்றம் இல்லை. பெங்களூரிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளை வெளிநாட்டவர் வரிசையில் நிற்கிறது; அந்த வரிசைக்கு இடங்களே குறைவு. அதற்குள் கணினி அறிவியல் படிக்க விரும்பும் பெங்களூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்கள் தெருவில் எண்ணிப் பார்த்தாலே போதும்.

கிடைக்காவிட்டால் எதிர்காலம் பாதிக்கப்படுமா?

அமெரிக்காவில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரியான பெரிய இடங்களில் அனுமதி கிடைத்தவர்களில் அங்கே சேர்ந்தவர்களையும் வேறு இடத்தில் சேர்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். பின்னாளைய சம்பளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பலன் தெரிந்தது. 2023இல் பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவினர் செய்த ஆய்வு சற்று மாற்றிச் சொன்னது: சராசரி வருமானம் கூடுவதில்லை, ஆனால் உச்சியில் இருக்கும் ஒரு சதவீதத்தினருக்குள் நுழையும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்காகிறது. பெருநிறுவனத் தலைமையோ வால் ஸ்ட்ரீட்டோ குறி என்றால் பெயருக்கு மதிப்பு உண்டு. நல்ல பொறியாளராகவோ ஆய்வாளராகவோ ஆவதற்கு அந்தப் பெயர் தேவையில்லை.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பரோடாவில் பி.எஸ்சி. படித்து, ஒஹையோ பல்கலைக்கழகத்தில் 1976இல் முனைவர் பட்டம் பெற்றார். 2009இல் வேதியியல் நோபல். ஒஹையோவை யாரும் ஐவி லீக்கோடு சேர்த்துப் பேசுவதில்லை.

அறிவியல், கணிதத்தில் நாட்டம் உள்ள பிள்ளைக்கு நான் சொல்வது: இளநிலை இங்கே, முனைவர் பட்டம் அங்கே. யஷ்வந்த்பூர் பக்கத்தில் இந்திய அறிவியல் கழகம் இருக்கிறது. மைசூர் சாலையில் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பி.மேத். வகுப்பு நடக்கிறது. சென்னை சிறுசேரியில் கணிதக் கழகம். இவற்றில் எதுவும் லேசில் கிடைக்காது. ஆனால் எல்லாவற்றுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு, முடிவில் மூடுபனி இல்லை. அமெரிக்காவில் அறிவியல் முனைவர் பட்டத்துக்குப் பெரும்பாலும் கட்டணம் தள்ளுபடி. மாத உதவித்தொகையும் தருவார்கள். ஹோம் லோன் முடியாத குடும்பத்துக்கு இந்த நான்காண்டு தாமதம் நஷ்டமே அல்ல.

முடிவு எப்போது வரும்? அதுவரை இங்கே எதையாவது விட்டுவிடலாமா?

எம்.ஐ.டி. மார்ச் 14. ஐவி லீக் மார்ச் கடைசி வாரம், அமெரிக்கக் கிழக்கு நேரம் மாலை ஏழு மணி என்றால் நமக்கு மறுநாள் விடியற்காலை நாலரை. சேர்வதாக உறுதி சொல்ல மே 1 வரை நேரம் உண்டு. காத்திருப்போர் பட்டியலில் வைத்தால் ஜூன், ஜூலைகூட ஆகும். அதை நம்பி எதையும் நிறுத்திவைக்காதீர்கள். ஜே.இ.இ. மெயின் இரண்டாம் சுற்றும் கே.சி.இ.டி.யும் ஏப்ரலில் வருகின்றன. டிசம்பரிலேயே ஹார்வர்ட் கிடைத்த வீடாக இருந்தாலும், விசா முத்திரை குத்தி பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு பிள்ளை தேர்வுக்குப் போகட்டும். 2025 மே மாதம் அமெரிக்க அரசு, ஹார்வர்ட் வெளிநாட்டு மாணவர்களையே சேர்க்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தி வைத்தது. இடம் கிடைத்திருந்த பிள்ளைகள் அந்தக் கோடை முழுவதும் பெட்டியைக் கட்டுவதா, அவிழ்ப்பதா என்று தெரியாமல் இருந்தார்கள்.